மவுசர் 98, லீ-என்ஃபீல்ட், மோசின்: எந்த போல்ட்டை நம்பலாம்?

பழைய ராணுவ ரைஃபிள்களில் எது குறி தவறாமல் சுடும் என்று வாதாடுவதில் பெரிய பயன் இல்லை. ஜெர்மனியின் மவுசர் 98, பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட், ரஷ்யாவின் மோசின் மூன்றுமே, நல்ல நிலையில் இருந்தால், சராசரி சிப்பாயைவிட நன்றாகவே சுடும். போல்ட், அதாவது கையால் முன்னும் பின்னும் தள்ளித் தோட்டா அறையை மூடித் திறக்கும் உருளை, எப்படிப் பூட்டுகிறது, தோட்டாவை எப்படி ஏற்றி இறக்குகிறது என்பதில்தான் உண்மையான வித்தியாசம்.

முதலில் மவுசர் 98. போல்ட்டைப் பூட்டும் லக்குகள், அதாவது துருத்திய பற்கள், இரண்டும் முன்னால், தோட்டா அறையை ஒட்டியே இருக்கின்றன. வெடிப்பின் அழுத்தத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளும். அவை முறிந்தால் தாங்கிப்பிடிக்கப் பின்னால் மூன்றாவது லக் ஒன்று. தோட்டாக் கூடு கிழிந்து வாயு பின்பக்கம் பாய்ந்தால், அது வெளியேற போல்ட்டிலேயே துளைகள் உண்டு. மிச்சம் வருவது சுடுபவர் முகத்தில் அடிக்காமல் இருக்கப் பின்மூடியில் அகன்ற விளிம்பு வைத்திருக்கிறார்கள்.

இதன் எக்ஸ்ட்ராக்டர், அதாவது தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் பாகம், இன்னும் அழகு. நீளமான நகம், போல்ட் சுழன்றாலும் இது சுழலாது. மேகசினிலிருந்து தோட்டா மேலே வரும்போதே அதன் அடி இந்த நகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தாலும் அதே தோட்டா கூடவே வெளியே வந்துவிடும். இந்தப் பிடி இல்லாத ரைஃபிள்களில் அது அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா வந்து அதன் முதுகில் முட்டி எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

லீ-என்ஃபீல்ட், அதாவது நம்ம த்ரீ நாட் த்ரீ, காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஒரு படி கீழே. லக்குகள் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு வெடிப்பிலும் போல்ட்டும் அதைத் தாங்கும் உலோக உடலான ரிசீவரும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். பித்தளைக் கூடு நீண்டுவிடும், மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்களுக்கு அது தலைவலி. ஆனால் சேற்றில், அவசரத்தில் ஆட்டமே மாறுகிறது. மவுசர் போல்ட்டை 90 டிகிரி தூக்க வேண்டும், இதற்கு 60 போதும். சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகுவதும் போல்ட்டை மூடும்போதுதான் என்பதால் திறப்பது லேசு. மவுசரில் 5 தோட்டா, இதில் 10. முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடப் பழகியது இந்த போல்ட்டில்தான். பின்லக் பலவீனம் என்பதையும் ஓரளவுக்கு மேல் இழுக்க முடியாது: இதே அமைப்பை வைத்து, மேம்பட்ட எஃகில், அழுத்தம் அதிகமான 7.62 நேட்டோ தோட்டாவுக்கு நம் இஷாப்பூர் ஆயுத ஆலையில் ரைஃபிள் செய்தார்கள்.

என்னைக் கேட்டால் இதன் நிஜக் குறை தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் மேகசின் முரண்டு பிடிக்கும்.

1891-ன் மோசின்-நகாந்தும் விளிம்புத் தோட்டாதான். ஆனால் மேல் தோட்டா ஏறும்வரை அடுத்ததைப் பிடித்து நிறுத்த உள்ளே தனியாக ஒரு தகடு உண்டு. பாகங்கள் குறைவு, போல்ட்டைக் கருவியே இல்லாமல் கழற்றலாம். பாராட்டு அத்தோடு முடிந்தது. கைப்பிடி குட்டை, கூடு ஒட்டிக்கொண்டால் உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டியதுதான். சேஃப்டி போடப் பின்குமிழை முரட்டு ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்துத் திருப்ப வேண்டும். பின்லாந்துக்காரர்கள் இதே ரிசீவர்களில் நல்ல பேரல் பொருத்தி அருமையான ரைஃபிள்கள் செய்தார்கள். சேஃப்டி மட்டும் அவர்களிடமும் அதே முரடுதான்.

ஆக, எங்கிருந்து வந்தது என்று தெரியாத தோட்டாவைச் சுட வேண்டுமென்றால் நான் மவுசரை எடுப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் லீ-என்ஃபீல்ட். ஆனால் மவுசர் அமைப்பு என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 மவுசருக்கு ராயல்டி கொடுத்த அமைப்புதான். ஆரம்பத்தில் எஃகைப் பதப்படுத்தும் சூட்டைத் தொழிலாளிகள் நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே மதிப்பிட்டதால் சில ரிசீவர்கள் நொறுங்கின. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்தது என்றால் வரிசை எண் 8,00,000-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விவரம் தெரிந்தவர்கள் தோட்டா போடுவார்கள்.