‘கிரைம் இன் இந்தியா’வின் குழந்தைகள் அத்தியாயம்: எதற்கு உதவும், எங்கே கையைச் சுடும்

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘கிரைம் இன் இந்தியா’ மூன்று தொகுதிகள் கொண்டது. விலை கிடையாது, காப்பகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் 4ஏ என்ற அத்தியாயத்தில் இருக்கின்றன. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி எந்த நாளிதழ் எழுதினாலும், எந்தத் தொண்டு நிறுவனம் திட்ட அறிக்கை போட்டாலும், முதல் பத்தியில் வருகிற எண் இங்கிருந்துதான் வரும். இவ்வளவு பேர் சாய்ந்துகொள்ளும் சுவர் எவ்வளவு கனம் தாங்கும் என்று தட்டிப் பார்ப்பதே இந்த மதிப்புரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 1953 முதலான ஆண்டுகளுக்கு இந்தத் தொகுப்பு இருக்கிறது. மாநிலவாரியாகவும், சென்னை, கோவை உள்ளிட்ட 19 மாநகரங்கள்வாரியாகவும் எண்கள் கிடைக்கின்றன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான போக்சோவின்கீழ் வரும் வழக்குகளைப் பிரிவுவாரியாக உடைத்துத் தருகிறார்கள்: ஊடுருவும் பாலியல் வன்கொடுமைக்கான 4, 6 ஒரு வரி, மற்ற பாலியல் தாக்குதலுக்கான 8, 10 ஒரு வரி, பாலியல் தொந்தரவுக்கான 12 தனி, ஆபாசப் படம் தொடர்பான 14, 15 தனி. ஒவ்வொன்றிலும் ஐ, வி, ஆர் என்று மூன்று பத்திகள். ‘ஐ’ என்பது வழக்குகள், ‘வி’ என்பது பாதிக்கப்பட்ட குழந்தைகள், ‘ஆர்’ என்பது லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை வழக்கு என்ற விகிதம். ஒரே முதல் தகவல் அறிக்கையில் மூன்று குழந்தைகள் இருந்தால் ‘ஐ’யில் 1, ‘வி’யில் 3. செய்திகளில் ‘இத்தனை குழந்தைகள்’ என்று வருவது பல நேரம் ‘ஐ’ பத்தியின் எண்தான். எந்தப் பத்தியிலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளாமல் ஓர் எண்ணையும் மேற்கோள் காட்டக் கூடாது.

விகிதப் பத்தியில்தான் முதல் ஓட்டை. 2021இல் குழந்தைகளுக்கு எதிரான மொத்த வழக்குகள் 1,49,404, விகிதம் 33.6. 2022இல் 1,62,449, விகிதம் 36.6. 2023இல் 1,77,335, விகிதம் 39.9. வழக்கை விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கும் விடை சுமார் 44.4 கோடி குழந்தைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த குழந்தைகளின் எண்ணிக்கை அது. அடியில் உள்ள எண் அசையாமல் நிற்பதால், நாட்டளவில் விகிதம் புதிதாக எதையும் சொல்வதில்லை, வழக்கு எண்ணிக்கையையே வேறு உடையில் காட்டுகிறது. மாநிலங்களை ஒப்பிடும்போது தொல்லை இன்னும் அதிகம். பிறப்பு விகிதம் வேகமாகக் குறைந்த தமிழ்நாடு, கேரளம் போன்ற மாநிலங்களில் இன்று 2011இல் இருந்த அளவுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே அங்கே உண்மையான விகிதம் அட்டவணை காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்தது, ஆண்டுகளை அடுக்கி வரைபடம் போடுகிறவர்கள் தவறாமல் விழுகிற பள்ளம். 2015இல் போக்சோ வழக்குகள் 14,913. 2016இல் 36,022. ஒரே ஆண்டில் 2.4 மடங்கு! உண்மையில் மாறியது அட்டவணையின் கட்டம். 2015 அறிக்கையில் குழந்தைகள் மீதான பாலியல் வல்லுறவு 10,854 என்று தனித் தலைப்பில் இருந்தது. சிறுமியரின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் தாக்குதல் 8,390 என்று இன்னொரு தலைப்பில் இருந்தது. 2016 முதல் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளோடு சேர்ந்து வரும் போக்சோ வழக்குகளையும் போக்சோ தலைப்பின்கீழ் கொண்டுவந்தார்கள். 2015இன் மூன்று எண்களையும் கூட்டினால் 34,157. அதோடு ஒப்பிட்டால் ஏற்றம் 5 விழுக்காட்டை ஒட்டித்தான் வருகிறது. துல்லியமான ஒப்பீடு இல்லைதான், ஆனால் ‘2.4 மடங்கு’ என்ற தலைப்புச் செய்தியைவிட உண்மைக்கு நெருக்கம். இதே போன்ற இன்னொரு முறிவு 2024 ஜூலை 1இல் இருக்கிறது. அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அந்தக் கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள எண்களை ஒரே கோடாக இழுக்கும் முன் தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

எண்ணும் விதியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அதிகத் தண்டனைக்குரிய குற்றத்தின்கீழ் மட்டும் அது எண்ணப்படும். குழந்தையைக் கொடுமை செய்து கொன்றிருந்தால் அது கொலைத் தலைப்பில், ‘வல்லுறவு அல்லது போக்சோவுடன் கொலை’ என்ற வரியில் போய் உட்காரும். போக்சோ மொத்தத்தில் தேடினால் கிடைக்காது. மிகக் கொடூரமான நிகழ்வுகள் பாலியல் கொடுமைக் கணக்கிலிருந்து நழுவுவது இப்படித்தான். இரண்டு வரிகளையும் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆண்டு என்பதும் கொடுமை நடந்த ஆண்டல்ல, வழக்குப் பதிவான ஆண்டு. ஆறு வயதில் நடந்ததைக் குழந்தை பதினான்கு வயதில் சொன்னால், அது பதினான்காவது வயதின் ஆண்டில்தான் ஏறும். 2020ஐப் பாருங்கள். குழந்தைகளுக்கு எதிரான மொத்த வழக்குகள் 1,48,185இலிருந்து 1,28,531 ஆக இறங்கின. அடுத்த ஆண்டே 1,49,404க்கு ஏறின. பொது முடக்கத்தில் பள்ளி மூடியிருந்தது. வாடிய முகத்தைக் கண்டு விசாரிக்கும் ஆசிரியை இல்லை, அங்கன்வாடி இல்லை, வீட்டை விட்டு வெளியே போய்ச் சொல்ல வழியில்லை. அந்தச் சரிவைப் பாதுகாப்பு என்று படிப்பவர் அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். மாவட்டத்தில் விழிப்புணர்வு முகாம் நடந்த பிறகு வழக்கு ஏறினாலும் இதே கதைதான். ஏறுவது பெரும்பாலும் கொடுமை அல்ல, வெளியே சொல்லும் துணிச்சல்.

காவல் நிலையத்திலிருந்து புத்தகம் வரையிலான பாதையையும் பார்க்க வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம், மாநிலக் காப்பகம் வழியாக டெல்லிக்குப் போகிறது. முதல் தகவல் அறிக்கையாகாத எதுவும் இந்தப் பாதையில் ஏறாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன மனு, ஊர்ப் பெரியவர்கள் ‘பேசி முடித்த’ பஞ்சாயத்து, மருத்துவமனையில் வெறும் காயம் என்று எழுதப்பட்ட சீட்டு, எதுவும் வராது. கொடுமை நடந்தது தெரிந்த எல்லோரும் தகவல் தருவது கட்டாயம் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரையும் சிறை உண்டு. கட்டாயம் இருப்பதால் எல்லாம் வந்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கு, நீதிமன்றம் என்று இழுத்துவிடும் என்ற அச்சத்தில் ஆலோசகரிடமே போகாமல் ஒதுங்கும் குடும்பங்களும் உண்டு.

எவ்வளவு வராமல் போகிறது? இரண்டு வேறு அளவுகோல்களைப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு புரியும். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. அதில் 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், அவர்களில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். போக்சோ 4, 6 பிரிவு அட்டவணையில் பாதிக்கப்பட்டவர்களில் 100க்கு 99 பேர் சிறுமிகள். மறுபக்கம், தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் 18 முதல் 29 வயதுப் பெண்களில் 18 வயதுக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 1.5 விழுக்காடு மட்டுமே. 53க்கும் 1.5க்கும் நடுவில் உண்மை எங்கே? இரண்டும் பொய்யல்ல, கேட்ட கேள்வி வேறு. 2007 ஆய்வு ஆபாசப் படம் காட்டுவது, வலுக்கட்டாயமாக முத்தமிடுவது வரை தனித்தனியாகக் கேட்டது. பள்ளி, விடுதி, வேலைத்தலம், தெருவோரக் குழந்தைகளையும் வகைவகையாகத் தேர்ந்தெடுத்தது. அதனால் அந்த விழுக்காட்டை நாடு முழுவதற்கும் பெருக்கக் கூடாது. குடும்பநல ஆய்வோ வீட்டுக்குப் போய், நீண்ட கேள்வித்தாளின் நடுவில், கட்டாய உடலுறவு, கட்டாயப் பாலியல் செயல் என்ற அளவில் கேட்கிறது. ஆண்களிடம் கேட்பதே இல்லை. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 16.2.3 குறியீடு இளம் ஆண், பெண் இருவருக்கும் கணக்குக் கேட்கிறது. அதில் பாதிக்கு இந்த ஆய்விடம் பதிலே கிடையாது.

உறவு அட்டவணைதான் இந்த அத்தியாயத்தில் அதிகம் பயன்படுவதும், அதிகம் ஏமாற்றுவதும். 4, 6 பிரிவு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பது ஆண்டுதோறும் 100க்கு 90க்கு மேல். ‘அந்நியரிடம் பேசாதே’ என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வகுப்பை மாற்றுவதற்கு இந்த ஓர் எண் போதும். ஆனால் ‘தெரிந்தவர்’ என்பதற்குள் மூன்றே அறைகள். குடும்பத்தினர் ஒன்று. குடும்ப நண்பர், பக்கத்து வீட்டார், வேலை கொடுப்பவர் எல்லாம் ஒன்று. நண்பர், இணைய நண்பர், திருமணம் செய்வதாகச் சொல்லிச் சேர்ந்து வாழ்ந்தவர் எல்லாம் ஒன்று. மூன்றாவது அறையில் பதினேழு வயதுப் பெண்ணின் பத்தொன்பது வயதுக் காதலனும், போலிக் கணக்கில் பன்னிரண்டு வயதுக் குழந்தையை வளைத்தவனும் அருகருகே இருக்கிறார்கள். இருவருக்கும் தேவையான தடுப்பு வேலை முற்றிலும் வேறு. வயது அட்டவணையை ஆறுக்குள், 6-12, 12-16, 16-18 என்று பிரித்திருக்கிறார்கள், நன்று. ஆனால் வயதையும் உறவையும் ஒன்றாகக் குறுக்கே வெட்டிய அட்டவணை இல்லை. களத்தில் இருப்பவருக்கு அதுதான் வேண்டும்.

இந்தக் குறையைப் புத்தகம் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ, ஆலோசனை மையமோ, பள்ளிக் குழுவோ தன் பதிவேட்டில் சில கட்டங்களைச் சேர்த்தால் போதும்: நிறைவான வயது, பாலினம், முதல் நிகழ்வு நடந்த தேதி, முதலில் யாரிடம் சொன்னது, சொன்ன தேதி, காவல் நிலையத்துக்கு வந்த தேதி, நடந்த இடத்தின் வகை, கைப்பேசி அல்லது இணையம் உண்டா. தேதி மூன்றும் இருந்தால் எங்கே தாமதம் என்று தெரிந்துவிடும். உறவை எழுத்தாக எழுதவிடக் கூடாது, குறியீடாக வைக்க வேண்டும். ‘மாமா’, ‘அங்கிள்’ என்று எழுதிவைத்தால் தாய்மாமனா, அத்தையின் கணவரா, எதிர்வீட்டுக்காரரா என்று ஆறு மாதம் கழித்து எவராலும் பிரிக்க முடியாது. தந்தை, மாற்றாந்தந்தை, தாய்மாமன், சித்தப்பா அல்லது பெரியப்பா, அண்ணன் முறை, ஆசிரியர், ஆட்டோ அல்லது வேன் ஓட்டுநர், வழிபாட்டிடத்தோடு தொடர்புடையவர் என்று பதினைந்து குறியீட்டுக்குள் அடங்கும். ‘மற்றவை’ பத்தில் ஒன்றைத் தாண்டினால் பட்டியல் தவறு என்று பொருள். யுனிசெஃப் 2023இல் வெளியிட்ட வன்முறை வகைப்பாட்டோடு குறியீடுகளைப் பொருத்திக்கொண்டால் பிற நாட்டு எண்களோடும் ஒப்பிடலாம்.

இந்தக் கட்டங்களை நிரப்பக் குழந்தையை மறுபடி கேட்கவே கூடாது. வாக்குமூலம், மருத்துவச் சீட்டு, குழந்தைகள் நலக் குழுவுக்குப் போன அறிக்கை ஆகியவற்றிலிருந்து எடுத்து எழுத வேண்டும். பெயர் ஒரு பூட்டிய பதிவேட்டில், எண் மட்டும் கணினித் தாளில். வெளியிடும்போது 5க்குக் குறைந்த எண்ணிக்கையை மறைத்துவிட வேண்டும். ஓர் ஊராட்சியில் ‘வயது 9, சிறுமி, மாற்றாந்தந்தை, 1’ என்று அட்டவணை போட்டால் பெயர் எழுதத் தேவையே இல்லை, ஊருக்கே தெரிந்துவிடும். குழந்தையின் அடையாளத்தைக் காக்கச் சொல்லும் போக்சோ 23, 33(7) பிரிவுகளை நல்லெண்ண அறிக்கைகள்கூட மீறிவிடுவது இந்த இடத்தில்தான்.

குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணின் அழைப்புக் கணக்கைச் சிலர் மாற்றாகக் காட்டுகிறார்கள். வழக்காகாதவை அங்கே தெரியும் என்பது உண்மை. ஆனால் அது அழைப்புகளின் கணக்கு. ஒரே குழந்தைக்காக மூவர் அழைக்கலாம், பேசாமலே வைத்துவிடும் அழைப்புகளும் ஏராளம். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கூட்டக் கூடாது.

மொத்தத்தில், காவல் துறையும் நீதிமன்றமும் எவ்வளவு வேலை பார்க்கின்றன, எவ்வளவு தேங்குகிறது என்று அறிய இந்த அத்தியாயத்துக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்று அறிய, ஒன்றரை. 2022 அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது, 2023 அறிக்கை 2025 செப்டம்பர் இறுதியில்தான் வந்தது. இவ்வளவு காலம் கழித்து வரும் எண்ணை வைத்து அடுத்த கல்வியாண்டுக்குத் திட்டம் போட வேண்டியிருந்தால், மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பெயர், ஊர் கேட்காமல், காவல் நிலையவாரியாக எண்ணிக்கையும் வயதுப் பிரிவும் மட்டும் கேட்டால் மறுக்கக் காரணம் குறைவு.