மரமும் தூரத்து இடிபாடும்: எண்ணெய் வண்ணமா, நீர் வண்ணமா?

ரோமைச் சுற்றிய வெளிகளை வரைந்த கிளாட் லொரேன் (மறைவு 1682) பாணியில் ஒரு நிலக்காட்சி. முன்னால் அடர்ந்த மரங்கள், தொலைவில் இடிந்த கோயில். எதில் வரையலாம்?

தூரத்து மங்கல்தான் இந்தப் படத்தின் உயிர்.
எண்ணெய்: காய்ந்த வானத்தின் மேல் வெளிர் நீலச் சாம்பலை மெல்லிசாக இழுத்தால் தூண்கள் பின்னுக்குப் போகும். கூடிப்போனால் துணியால் துடைக்கலாம்.
நீர்: ஈரத்தாளின் மினுமினுப்பு அடங்கியதும் கோபால்ட் நீலத்தில் துளி லைட் ரெட் (செம்மண் சிவப்பு) கலந்து தொட வேண்டும். முந்தினால் தூண் கரைந்து பரவும், பிந்தினால் விளிம்பு கத்திபோல் நிற்கும்.

வெளிச்சம்: எண்ணெயில் கடைசியில் ஏற்றலாம். நீரில் வெள்ளைத் தாளை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும்.

நேரம்: எண்ணெய் வாரக்கணக்கு, வார்னிஷுக்கு இன்னும் 6 மாதமாவது. நீர், ஒரு பிற்பகல்.

செலவு: நீர் மலிவு. ஆனால் தாளில் கஞ்சத்தனம் கூடாது. 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) குறைந்தால் நெளியும். கண்ணாடிச் சட்டச் செலவும் உண்டு.

சொதப்பும் இடம்: எண்ணெயில் அடிப்பூச்சைவிட மேல்பூச்சில் எண்ணெய் குறைந்தால் வெடிப்பு. நீரில் இலைப் பச்சையை மூன்றாம் முறை தொட்டால் சேறு.

பல தலைமுறை நிற்கும் சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கு எண்ணெய். இடத்திலேயே உட்கார்ந்து பிடிக்க நீர். கிளாடும் வெளியில் பேனாவும் பழுப்பு வாஷுமாக (நீர்த்த மைப் பூச்சு) நிறைய வரைந்தவர்தான்.