வேர்ச்சுவல்பொக்ஸா, ப்ரொக்ஸ்மொக்ஸா?

ஒலுவிலிலோ வந்தாறுமூலையிலோ கணினி படிக்கும் தம்பி, தங்கைகளே, ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் மெஷின்களை (மென்பொருளால் உருவாகும் கணினிகளை) ஓட்டிச் சேர்வர் பாதுகாப்பு பழக வேர்ச்சுவல்பொக்ஸ், ப்ரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருள்கள் உதவும். கையில் 8 ஜிபி ரேம் லெப்டொப் ஒன்றுதான் என்றால் வேர்ச்சுவல்பொக்ஸ் போதும். விண்டோஸுக்கு மேலேயே ஓடும். ஸ்னாப்ஷொட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிட்டுத் துணிந்து உடைத்துப் பார்க்கலாம். ஆனால் சேர்வர் பாதுகாப்பு அதில் பாதிதான் பிடிபடும்.

ப்ரொக்ஸ்மொக்ஸைத் தனிக் கணினியில், விண்டோஸ் இல்லாமல், நேரடியாக நிறுவ வேண்டும். அப்புறம் உலாவியில் 8006ஆம் போர்ட் (வலையமைப்பு வாயில் எண்) வழியாக உள்ளே போனால், யார் எந்த மெஷினைத் தொடலாம், எந்த வலையமைப்பு எதைப் பார்க்கக்கூடாது என்று ஒவ்வொன்றையும் நீங்களே தீர்மானிக்க வேண்டிவரும். படிப்பே அங்கேதான் இருக்கிறது.

2015இல் வெளிவந்த வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை, ஃப்ளொப்பி டிரைவைப் போலச் செய்யும் பழைய நிரல்பகுதி வழியாக, மெய்நிகர் மெஷினுக்குள் இருப்பவர் தாய்ச் சேர்வருக்கே தாவ வழிவிட்டது. வேர்ச்சுவல்பொக்ஸையும் அது விடவில்லை. எதை எடுத்தாலும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய கணினி ஒன்று கிடைத்தால் என் தெரிவு ப்ரொக்ஸ்மொக்ஸ்தான். நிறுவுமுன் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) வேர்ச்சுவலைசேஷனை (மெய்நிகர் மெஷின்களுக்கு ப்ரொசெசர் தரும் வசதியை) ஓன் செய்துவிடுங்கள்.