13,000 ரூபாய்க்கு ஸ்டிக்கர் வாங்கினேன்: ரோடு பைக்குக்கு வீல் மாற்றப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

கடலூர், பாண்டி பக்கம் ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்கள், அதிலும் ‘வீல் செட்டை மட்டும் மாத்திப் பாரு, வண்டி பறக்கும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பத்துப் பதினைந்தாயிரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பியிருப்பவர்கள், ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அலுமினிய ஃப்ரேம், ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மையே கட்டை பிடிக்கிற வகை), ஷிமானோ கம்பெனியின் சோரா 9 கியர். கூடவே வந்த வீல் கனமானதுதான், ஆனால் ஒரு சக்கரத்துக்கு 32 கம்பி, ஷிமானோ ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), மூன்று வருஷத்தில் ஒரு கம்பிகூடப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மஞ்சக்குப்பத்தில் கிளம்பி பாண்டி பீச் ரோடு வரை போய்த் திரும்புவேன், உடம்பு ஒத்துழைத்தால் மரக்காணம் உப்பளம் வரை. என் எடை 91 கிலோ. இதை வெட்கப்படாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பொங்கல் முடிந்த வாரம் பாண்டியில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே போனதும் சுவரில் மாட்டியிருந்த 30 மில்லிமீட்டர் உயர ரிம், கறுப்பில் வெள்ளை எழுத்து, பார்த்ததுமே மனசு போய்விட்டது. கடைக்காரர் விடாமல் பேசினார்: “சார், செட்டே 1550 கிராம்தான். ஷீல்டு பேரிங். கம்பி எல்லாம் டபுள் பட்டட் ஸ்டெயின்லெஸ். முன்னாடி 20 கம்பி, பின்னாடி 24. கம்பி கம்மியா இருந்தா காத்தைக் கிழிச்சிக்கிட்டுப் போவும்.” விலை 14,500. பழைய வீலைக் கொடுத்துவிட்டால் 1,500 கழித்துக்கொள்வதாகச் சொன்னார். பில் கேட்டேன். “பில்லுன்னா ஜிஎஸ்டி போட்டு இன்னும் ஏறும் சார், ஒரு வருஷம் வாரன்டி நான் இருக்கேன்ல” என்றார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு 13,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கையில் வந்தது ‘வீல் செட் 1’ என்று பேனாவில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தப் பழைய வீல்தான். 1,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேனே, அந்த ஹப்பை மட்டும் வைத்துக் கம்பி கட்டியிருந்தாலே போதும். புது வீல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வரைக்கும் பழையதை வீட்டில் கட்டிலுக்கடியில் போட்டு வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தை வந்தாலே கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடையிலேயே ஒரு விஷயம் கண்ணெதிரே நடந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. பின்சக்கரத்தை மாட்டும்போது கடைப் பையன் ஃப்ரேமின் இரண்டு காலையும் கையால் விரித்துப் பிடித்து, முழங்காலால் அண்டக் கொடுத்து, உள்ளே திணித்தான். ஏன்ப்பா இவ்வளவு டைட்டு என்று கேட்டேன். “புது ஹப்புண்ணே, அப்படித்தான் இருக்கும்” என்றான். புது ஹப் அப்படி இருக்காது. ரிம் பிரேக் ரோடு பைக்கில் பின் ஹப்பின் அகலம் 130 மில்லிமீட்டர். மலை சைக்கிளுக்கும் பழைய வகை டிஸ்க் பிரேக் வண்டிக்கும் 135. எனக்கு அவர் மாட்டியது 135, பிறகு வெர்னியர் வைத்து அளந்தேன். இரும்பு ஃப்ரேம் என்றால் 5 மில்லிமீட்டர் விரித்துச் சமாளிக்கலாம், அலுமினியத்தை அப்படி விரிக்கவே கூடாது, விரிசல் விழும். வீல் கையோடு உள்ளே போய் உட்கார வேண்டும், முழங்காலுக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. பாண்டியிலிருந்து கடலூருக்கு வழக்கத்தைவிட ஆறு நிமிஷம் முன்னால் வந்துவிட்டேன், வீட்டில் வந்து பெருமை வேறு. தை மாதத்து வாடைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறது, நான் அதை வீல் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரு தடவை ‘டக்’ என்று பிடித்து விட்டது. ரிம்மை வளைத்து இரண்டு முனையையும் சேர்க்கிற ஜாயின்ட் அங்கே நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்கு மேடாக இருந்தது. நல்ல ரிம்மில் அந்த இடத்தை வெல்டிங் செய்தாலும் சரி, பின் வைத்துச் சேர்த்தாலும் சரி, பிரேக் படும் பக்கத்தை மெஷினில் கடைந்து சமமாக்கியிருப்பார்கள். இதில் கடைந்த கோடே இல்லை, பெயின்ட்தான் இருந்தது. பெயின்ட் உரிந்து பிரேக் கட்டையில் கறுப்பாக அப்பியிருந்தது.

மூன்றாவது வாரம், கன்னியக்கோயில் தாண்டி வரும்போது பின்னால் ‘டிங்’ என்று ஒரு சத்தம், அடுத்த நொடி சக்கரம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. கம்பி ஒன்று ஹப் பக்கம், தலைக்குக் கீழே வளைகிற இடத்தில் சுத்தமாக அறுந்திருந்தது. 32 கம்பி சக்கரத்தில் ஒன்று போனால் பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்துவிடலாம். 24 கம்பியில் ஒன்று போனால் ரிம் பாம்பு மாதிரி நெளியும். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, பிரேக்கைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், ஃப்ரேமிலேயே உரசியது. கடைசியில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு கடலூர் போன ஒரு குட்டி யானையை நிறுத்தி, ஐஸ் தண்ணீர் சொட்டுகிற பெட்டிகளுக்கு மேல் சைக்கிளைப் படுக்கவைத்து வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் வண்டியில் கவிச்சி வாடை போகவில்லை.

கடைக்காரர் ஒரு கம்பி மாற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார், 250 ரூபாய் வாங்கிக்கொண்டு. வாரன்டி என்றீர்களே என்றால், “வாரன்டி ஹப்புக்குத்தான் சார்.” அடுத்த பத்து நாளில் இரண்டாவது கம்பி. “பள்ளத்துல விட்டிருப்பீங்க.” மூன்றாவது கம்பி போனபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க வெயிட்டுக்கு இது தாங்காது சார்” என்றார். 13,000 வாங்கும்போது நான் என்ன 60 கிலோவா இருந்தேன்?

அதற்கு மேல் அவரிடம் போகவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய வாடகை சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார், வாடகை சைக்கிள் போய்விட்டது, அவர் இன்னும் பஞ்சர் ஒட்டிக்கொண்டு இருக்கிறார். ரோடு பைக்கெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் நாற்பது வருஷமாகச் சக்கரம் கட்டியவர். சக்கரத்தைக் கவிழ்த்து வைத்து, ஒன்றும் பேசாமல், கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக்கொண்டே போனார். ஒன்று ‘டிங்’, அடுத்தது ‘டங்’, அதற்கடுத்தது சத்தமே இல்லாமல் ‘டொப்’. “தம்பி, ஒரு பக்கத்துக் கம்பி எல்லாம் ஒரே சத்தத்துல பேசணும். இது ஆளுக்கு ஒரு பாட்டு பாடுது. எவன் கட்னது இது?” என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு, கம்பியின் இழுவிசையை அளக்கிற டென்ஷன் மீட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எண்ணாகவே காட்டினார். பின்சக்கரத்தில் கியர் பக்கத்துக் கம்பிகள் பொதுவாக 100 முதல் 120 கிலோ இழுவிசையில், ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். என்னுடையதில் ஒன்று 130, பக்கத்தில் இருப்பது 60. கியருக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும், அதனால் எதிர்ப்பக்கத்தில் இழுவிசை பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே அதிகம். அங்கே கட்டியவர் அசட்டையாக இருந்தால் கம்பி தொளதொளத்துப் போகும். சக்கரம் உருளும்போது தரையைத் தொடுகிற இடத்துக் கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் தளர்ந்து இறுகுகிறது. ஏற்கெனவே தளர்ந்த கம்பி வளைவில் ஆடி ஆடி, கையில் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அந்த மாதிரி ஒடிகிறது. எனக்குப் போன மூன்றும் எதிர்ப்பக்கக் கம்பிகள்தான். என் எடையும் ஒரு காரணம், இல்லையென்று சொல்லவில்லை, என் எடைக்கு 24 கம்பி சக்கரத்தை விற்றதே தப்பு, அதை ஒழுங்காகக் கட்டாமல் விற்றது அதைவிடத் தப்பு.

அப்புறம் பெரியவர் ஹப்பைப் பிரித்தார். கடைக்காரர் ‘ஷீல்டு பேரிங்’ என்றாரே, அதாவது மொத்தமாக மூடி வருகிற பேரிங், ஆனால் உள்ளே இருந்து பால்ரஸ் குண்டுகள் துண்டுப் பேப்பரில் உதிர்ந்தன. குண்டு போட்ட ஹப் ஒன்றும் மட்டமானது இல்லை, ஷிமானோவே அப்படித்தான் நிறைய செய்கிறது, பராமரிக்கவும் சுலபம். ஆனால் இதில் கிரீஸ் என்று ஒன்று மூக்குப்பொடி அளவுக்குத்தான் இருந்தது, குண்டுகள் உருளுகிற கோன் மேல் அதற்குள் குழி விழுந்திருந்தது. ஆக, பெயருக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை. கம்பியை வெர்னியரில் அளந்தால் நுனி முதல் அடி வரை ஒரே 2 மில்லிமீட்டர். டபுள் பட்டட் என்றால் இரண்டு முனையும் 2 இருந்து நடுவில் 1.8 போல மெலிந்திருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றதும் பொய். மூன்று மாதத்தில், கம்பியை ரிம்மில் பிடிக்கிற திருகான நிப்பிள் ஓரத்தில் துரு. நம் ஊர் உப்புக்காற்றில் துத்தநாகம் பூசிய கம்பி அவ்வளவுதான் தாங்கும். காந்தம் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், இழுத்து மெலிதாக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பியிலும் காந்தம் லேசாக ஒட்டும்.

எடை விஷயத்தை நானே முடித்தேன். டயர், டியூப், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) எல்லாம் கழற்றிவிட்டு இரண்டு சக்கரத்தையும் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 2,140 கிராம். கடைக்காரம்மா “இது கிலோ என்னா விலை தம்பி?” என்று கேட்டார்கள். 6,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. ஷிமானோவின் அடிமட்ட ஆர்எஸ்100 செட்டே ஏறத்தாழ 1,900 கிராம், அதை ஷிமானோ ஒளிப்பதும் இல்லை. இந்த விலையில் அலுமினிய வீலுக்கு யாராவது 1550 என்று சொன்னால் தராசைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கர் கதை கடைசியில்தான் தெரிந்தது. மண் கழுவும்போது வெள்ளை எழுத்தின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தேன். அடியில் வேறொரு பெயர், வேறொரு ஸ்டிக்கர். அதையும் இழுத்தால் அடியில் இன்னும் ஒன்று இருக்குமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

இப்போது வண்டியில் இருப்பது பெரியவர் கட்டிய சக்கரம். ஷிமானோ ஆர்எஸ்400 ஹப், 130 அகலம், 32 கம்பி, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கிற கட்டு), பித்தளை நிப்பிள். அலுமினிய நிப்பிள் கொஞ்சம் லேசு, ஆனால் கடலோரத்தில் அரித்து ஒட்டிக்கொண்டு திருகும்போது உடையும், வேண்டாம். அந்த ஹப்பின் பாடி 11 கியருக்கு உண்டானது, என் 9 கியர் கேசட் போட 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேசட் ஆடும். பழைய 7 கியர் வண்டிக்காரர்கள் இன்னும் கவனம், பலவற்றில் கேசட்டே இருக்காது, மரையில் திருகுகிற ஃப்ரீவீல்தான், கேசட் போடுகிற புது வீல் வாங்கினால் அந்த ஃப்ரீவீல் அதில் பொருந்தவே பொருந்தாது. கம்பி கட்டி முடித்ததும் பெரியவர் ஜோடி ஜோடியாகக் கம்பிகளை உள்ளங்கையில் வைத்து நெரித்தார், ‘க்ரிக் க்ரிக்’ என்று சத்தம் வந்தது, மறுபடி கோட்டம் எடுத்தார், மறுபடி நெரித்தார். சத்தம் நிற்கும் வரை விடவில்லை. மொத்தம் மூன்று மணி நேரம், கூலி 600. இதுவரை ஒரு கம்பி போகவில்லை. எடை? பழைய வீலைவிட 200 கிராம்கூடக் குறையவில்லை. பாண்டி ரோடு மாதிரி மேடே இல்லாத ரோட்டில் அந்த 200 கிராம் எனக்குத் தெரியவும் இல்லை. உண்மையில் வித்தியாசம் தெரிந்தது 23 மில்லிமீட்டர் அகல டயரை எடுத்துவிட்டு நல்ல 28 டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தபோதுதான். ஆனால் போடுமுன் ஃப்ரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புகார் விஷயம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லையே என்று முதலில் தயங்கினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை என்றுதான் இருக்கிறது, அதனால் அந்தத் துண்டுச் சீட்டையும் ஜிபே பதிவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாங்கியது பாண்டியில், நான் இருப்பது தமிழ்நாட்டில் என்பதும் பிரச்சினை இல்லையாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உதவி எண்ணில் இருந்து அழைத்த பிறகு கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, “பாதிக் காசுக்கு வேற வீல் தரேன் சார், இது கார்பன்” என்றார்.

அறுந்த மூன்று கம்பியும், உரித்த ஸ்டிக்கரும், அந்த 135 ஹப்பும் என்னிடம்தான் இருக்கின்றன. யாராவது வீல் வாங்கப் போகிறீர்கள் என்றால் கீழே சொல்லுங்கள், வெர்னியரை எடுத்துக்கொண்டு நானும் கூட வருகிறேன்.