பழைய பவர்போட், உள்ளே மக்கின ஸ்ட்ரிங்கர், கையை விரிச்ச கம்பெனி: சில வருஷ அனுபவம்

2001ல கட்டின 21 அடி பவ்ரைடர் (முன்பக்கமும் உக்கார இடம் இருக்கிற பவர்போட்), வி8 ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ள, ப்ரொப்பெல்லரை சுத்துற டிரைவ் பின்பக்கம் வெளிய), அமெரிக்காவில தயாரானது. நான் வாங்கும்போதே அது கை மாறி வந்ததுதான். வாங்கி ரொம்ப வருஷம் ஆச்சு, ஹல்லை (படகோட உடம்பை) முழுசா பிரிச்சு கட்டி அதுக்கப்புறமும் பல சீசன் ஓட்டியாச்சு, அதனால இப்ப எழுதினா கொஞ்சம் நிதானமா எழுத முடியும்னு தோணுது. கம்பெனி பேரை சொல்லப் போறதில்ல. கேக்காதீங்க, ஏன்னா இதே மாதிரி கட்டின போட் அந்தக் காலத்துல நிறைய பேர்கிட்டேர்ந்து வந்திருக்கு.

இன்ஜின் பத்தி ஒரே வரில சொல்லிடுறேன், நல்ல இன்ஜின், இன்னிக்கும் ஓடுது. பிரச்சனை அதை தாங்கிட்டு இருந்த ஸ்ட்ரிங்கர்ல, அதாவது ஹல் அடியில நீளவாக்குல ஓடுற, ஃபைபர்கிளாஸ் சுத்தின மரச் சட்டத்துல.

முதல்ல வந்தது ஒரு சத்தம். ஸ்டீரிங் திருப்பும்போது பின்னாடியிலேர்ந்து உறுமுற மாதிரி, எல்லாரும் சொன்ன மாதிரியே கிம்பல் பேரிங் (இன்ஜின்லேர்ந்து டிரைவுக்குப் போற ஷாஃப்ட்டை தாங்குற பேரிங்). மாத்தினோம். சத்தம் போச்சு, அடுத்த சீசன்ல திரும்ப வந்துச்சு, திரும்பவும் மாத்தினோம், அப்புறம் கப்ளரும் (இன்ஜினை அந்த ஷாஃப்ட்டோட இணைக்கிற பார்ட்) தேய ஆரம்பிச்சுது. ரெண்டு மெக்கானிக் பாத்தாங்க, ரெண்டு பேரும் பார்ட் தரம் சரியில்லன்னுதான் சொன்னாங்க. மூணாவதா வந்தவர் மட்டும்தான் பார்ட்டை தொடாம அலைன்மென்ட் பாரை (இன்ஜினும் டிரைவும் நேர்க்கோட்டுல இருக்கான்னு பாக்குற கம்பி) எடுத்து கிம்பல் பேரிங் வழியா உள்ள விட்டுப் பாத்தார். அது கப்ளர்ல போகவே இல்ல. சரி முன்பக்க இன்ஜின் மவுன்ட்டை கொஞ்சம் தூக்கி சரி பண்ணலாம்னு ஸ்பேனர் வச்சா, மவுன்ட்டை ஸ்ட்ரிங்கரோட பிடிச்சிருக்கிற லேக் போல்ட் எதிர்ப்பே இல்லாம சுத்துது. அவர் விரலாலயே அதை சுத்தி வெளிய எடுத்தார். மரைக்கு நடுவுல கறுப்பா காபித்தூள் மாதிரி மரம், ஓட்டையிலேர்ந்து கறுப்புத் தண்ணி கசிஞ்சுது, ஈர மண்ணு வாடை. அவர் ஒண்ணும் சொல்லல, போல்ட்டை துடைச்சு என் கையில குடுத்தார்.

அதாவது இன்ஜின் எடை தாங்காம மவுன்ட் கீழ இறங்கிட்டு இருந்திருக்கு, அலைன்மென்ட் கெட்டுப் போயிருக்கு, பேரிங் அதுக்கு பலி ஆயிட்டு இருந்திருக்கு. நாம பேரிங்கை குத்தம் சொல்லிட்டு இருந்தோம்.

இன்ஜினை வெளிய எடுத்துட்டு ஃப்ளோரை ஓரத்துல ரெண்டு இஞ்ச் விட்டு வெட்டினோம். வெட்டின உடனே பாத்தா ஃப்ளோருக்கு கீழ நிரப்பியிருந்த ஃபோம் நல்லாதான் இருந்துச்சு, மேல காஞ்சு மஞ்சளா. தோண்டிட்டு கீழ போகப் போகத்தான் விஷயம் தெரிஞ்சுது, அடிப்பக்கம் ஃபோமை கையில பிழிஞ்சா தண்ணி சொட்டுது. மூடின செல் ஃபோம் தண்ணி குடிக்காதுன்னு சொல்லுவாங்க, புதுசா இருக்கிறப்ப அது உண்மைதான். வருஷக்கணக்கா தண்ணியிலயே கிடந்து, ஹல் அதிர அதிர செல் உடைஞ்சு, அது ஊறிடும், ஊறினது தானா காயவே காயாது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அத்தனை கிலோவையும் நான் பெட்ரோல் செலவு பண்ணி இழுத்துட்டு இருந்திருக்கேன்.

ஸ்ட்ரிங்கர் மேல இருந்த ஃபைபர்கிளாஸ் முழுசா நல்லா இருந்துச்சு. உள்ளே மரம்தான் இல்ல. சில இடத்துல ஸ்க்ரூட்ரைவரை குத்தினா கைப்பிடி வரைக்கும் போச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன். தண்ணி எங்கேர்ந்து உள்ள போச்சு? ஸ்ட்ரிங்கருக்கு குறுக்கால, பில்ஜ் தண்ணி (படகு அடியில சேர்ற தண்ணி) பின்னாடி வடிஞ்சு போறதுக்கு, அடியில ஓட்டை போட்டிருப்பாங்க, லிம்பர் ஹோல்னு சொல்லுவாங்க. என் போட்ல அந்த ஓட்டை ஃபைபர்கிளாஸ் போட்டு முடிச்சதுக்கப்புறம் ட்ரில் பண்ணது, ட்ரில் பண்ண இடத்துல பிளைவுட் ஓரம் பச்சையா அப்படியே இருக்கு, ஒரு சொட்டு ரெசின் கூட தடவல. டார்ச் அடிச்சு பாத்தா பிளைவுட் அடுக்கை எண்ணலாம். போட்ல தண்ணி கண்டிப்பா ஓடப் போற ஒரே இடம் அது, அங்கதான் மரத்தை திறந்து விட்டிருக்காங்க. ஒரு பிரஷ், கொஞ்சம் ரெசின், ஒரு ஓட்டைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. ட்ரான்ஸம்ல (படகோட பின்பக்கச் சுவர்) டிரைவுக்காக வெட்டின பெரிய ஓட்டையும் அதே கதைதான், வெட்டின ஓரத்துல சீலன்ட்டே இல்லாம அசெம்பிளியை போட்டு இறுக்கி விட்டிருக்காங்க.

ஸ்ட்ரிங்கரை ஹல்லோட ஒட்டுற ஃபைபர்கிளாஸ் பட்டை இருக்கில்லையா, டேபிங், அது ஒரு பக்கம் நீளமா அப்படியே கையால உரிஞ்சு வந்துச்சு. உரிச்ச இடத்துல கிளாஸ் நூல் வெள்ளையா, ரெசினே படாம இருக்கு. இது வயசாகி வந்த கோளாறு இல்ல, போட்ட அன்னிக்கே ஒட்டல.

நியாயமா சொல்லணும்னா எல்லாமே கம்பெனி தப்பு இல்ல. முன்னாடி வச்சிருந்தவர் ஸ்விம் லேடரை வெறும் ஸ்க்ரூ போட்டு ட்ரான்ஸம்ல மாட்டியிருந்தார், அந்த ஓட்டை வழியாவும் தண்ணி போயிருக்கு, அந்த மூலை மக்கினது அவர் கணக்கு. அதுவும் இல்லாம மழைத்தண்ணி. கடல் உப்பு பூஞ்சையை கொஞ்சம் அடக்கி வைக்கும், மழைத்தண்ணிக்கு அந்த குணம் இல்ல, கவர் கிழிஞ்சு வெளியில கிடந்த போட்தான் சீக்கிரம் மக்கும். மரத்துல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு கீழ இருந்தா பூஞ்சையால ஒண்ணும் பண்ண முடியாது, அதனால மரத்தை வச்சு போட் கட்டினதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். காத்து போகாத பெட்டிக்குள்ள ஈரத்தை பூட்டி வச்சதுதான் தப்பு.

கம்பெனிக்கு போட்டோ எல்லாம் வச்சு எழுதினேன். பதில் வந்துச்சு, மரியாதையாதான். வாரன்டி முதல் ஓனருக்கு மட்டும், அதுவும் முடிஞ்சு போச்சு. அந்த போட்டை கட்டின பழைய கம்பெனியோட சொத்தை வாங்கினவங்கதான் இவங்க, பழைய கடமை எதுவும் இவங்களுக்கு கிடையாது. இது வரைக்கும் எனக்கு கோவம் வரல, எதிர்பார்த்ததுதான், இவ்வளவு பழைய போட்டுக்கு யார் காசு குடுப்பா. கடைசி வரிதான் எரிச்சல், "பராமரிப்பு குறைவால் இது போன்ற பாதிப்பு ஏற்படலாம்"னு போட்டிருந்தாங்க. ஃப்ளோரை நாலு பக்கமும் கிளாஸ் பண்ணி மூடி, ஒரு இன்ஸ்பெக்ஷன் ஹேட்ச் கூட வைக்காம, உள்ள ஃபோமை நிரப்பி அனுப்பிட்டு, நான் எதை பராமரிக்கணும்? எந்த ஓனர் மேனுவல்ல வருஷத்துக்கு ஒருக்கா ஃப்ளோரை வெட்டிப் பாருங்கன்னு எழுதியிருக்கு?

சட்டப்படி என்ன வழின்னு கொஞ்சம் படிச்சேன். அமெரிக்காவில 1971ல வந்த படகு பாதுகாப்பு சட்டப்படி, ஆளுக்கு காயம் வர்ற அளவுக்கு ஆபத்தான கோளாறு தெரிய வந்தா தயாரிப்பாளர் ஓனர்களுக்கு தெரியப்படுத்தி சரி பண்ணித் தரணும், ஆனா அந்தக் கடமை போட் கட்டின தேதியிலேர்ந்து 10 வருஷம் வரைக்கும்தான். தேதி தெரியணும்னா ட்ரான்ஸம்ல வலது பக்கம் மேல இருக்கிற 12 எழுத்து ஹல் நம்பரை பாருங்க, கடைசி நாலுல முதல் எழுத்து மாசம், ஏ ன்னா ஜனவரி, அடுத்தது கட்டின வருஷத்தோட கடைசி இலக்கம், மிச்ச ரெண்டும் மாடல் வருஷம். மாடல் வருஷத்தை வச்சு கணக்கு போட்டா சில மாசம் தப்பாகும். உங்க போட் இன்னும் 10 வருஷம் தாண்டலன்னா அமெரிக்க கோஸ்ட் கார்டுக்கு (கடலோரக் காவல் படை) பாதுகாப்புக் கோளாறு புகார் அனுப்பி வைங்க, ஒரே மாடல்ல நாலு பேர் அனுப்பினா தனியா நாம கத்துறதை விட அதுக்கு மதிப்பு அதிகம்.

வழக்கு போடலாமான்னா, அங்க 1986ல உச்ச நீதிமன்றம் ஈஸ்ட் ரிவர் ஸ்டீம்ஷிப் வழக்குல சொன்னது பெரிய சுவர். எண்ணெய்க் கப்பல் டர்பைன் பழுதான கேஸ் அது. ஒரு பொருள் தன்னைத்தானே கெடுத்துக்கிட்டா, வேற யாருக்கும் எதுக்கும் சேதம் இல்லன்னா, கடல்சார் சட்டத்துல அலட்சியம்னு சொல்லி தயாரிப்பாளர் மேல போக முடியாது, வாரன்டியில என்ன இருக்கோ அவ்வளவுதான். 1997ல ஒரு மீன்பிடி கப்பல் கேஸ்ல கொஞ்சம் தளர்த்தினாங்க, முதல் ஓனர் பின்னால சேர்த்த சாமான் "வேற சொத்து" கணக்குல வரும்னு. மக்கின ஸ்ட்ரிங்கருக்கு இதெல்லாம் உதவாது. மக்கினது போட், மக்க வச்சது அதே போட். ஐரோப்பாவிலயும் 1985 பொருள் பொறுப்பு டைரக்டிவ் (2026 டிசம்பர் 9க்கு முன்னாடி சந்தைக்கு வந்த பொருளுக்கு) அதே மாதிரிதான், பழுதான பொருளோட சொந்த சேதம் அதுல வராது, 10 வருஷத்தோட முடியும்.

ஆக காசு வராதுன்னு தெளிவா தெரிஞ்சு போச்சு. நான் அப்புறம் கேட்டது தகவல் மட்டும்தான். ஸ்ட்ரிங்கர் உயரம் என்ன, எத்தனை லேயர் கிளாஸ், எந்த எடை, அந்த ஃபோம் சும்மா மிதவைக்கா இல்ல ஹல்லுக்கு பலம் குடுக்குறதா. கடைசி கேள்வி விளையாட்டு இல்ல, சில டிசைன்ல ஃபோம் அடிப்பலகையை தாங்கும், அதை எடுத்துட்டு சும்மா விட்டா அடி வளையும். லேமினேஷன் ஷெட்யூல் (எந்த கிளாஸ், எத்தனை லேயர்ங்கிற பட்டியல்) ரகசியம்னு சொல்லிட்டாங்க. கஸ்டமர் சர்வீஸ்ல ஒரு புண்ணியவான் மட்டும் தனியா ஒரு பழைய லேஅவுட் டிராயிங் அனுப்பினார், அதுல இன்ஜின் மவுன்ட் உயரம் இருந்துச்சு, அந்த ஒரு தாள் மட்டும் எனக்கு எத்தனையோ வேலையை மிச்சப்படுத்துச்சு. கம்பெனியோட பொறுப்பு வாரன்டியோட முடியலாம், இந்த தாளை குடுக்குற பொறுப்பு கூடவா முடியும்? உற்பத்தி நிறுத்தின மாடலோட டிராயிங்ல என்ன ரகசியம் இருக்கு, சொல்லுங்க.

ரிப்பேர் பத்தி. வெட்டுறதுக்கு முன்னாடி ஹல்லை அடியில நிறைய இடத்துல தாங்கி, லெவல் பாத்து நிறுத்தணும், இதுல அவசரமே கூடாது. ஸ்ட்ரிங்கர் இல்லாத ஹல் தன் எடையிலயே வளையும், அந்த வளைவோட புது ஸ்ட்ரிங்கரை ஒட்டிட்டா வளைவு நிரந்தரம், அப்புறம் போட் தண்ணியில குதிச்சுக்கிட்டே போகும், டிரைவ் கோணத்தை மாத்துற எந்த ட்ரிம்மும் சரி பண்ணாது. ஒரு பக்கம் ஸ்ட்ரிங்கரை எடுத்து புதுசு வச்சுட்டுத்தான் அடுத்த பக்கம் தொட்டோம்.

கிரைண்டிங் நரகம். முழு மூஞ்சி மாஸ்க், முழுக்கை சூட் எல்லாம் போட்டும் ராத்திரி கழுத்து அரிக்கும். பழைய பாலியெஸ்டர் மேல எபாக்ஸிதான் போட்டேன், காஞ்சு போன பழைய லேமினேட்டை அது பிடிக்குற பிடி பாலியெஸ்டருக்கு வராது. விலை அதிகம்தான், இந்த இடத்துல கஞ்சத்தனம் பண்ணா திரும்ப உரிஞ்சு வரும். ஸ்ட்ரிங்கருக்கு பிஎஸ் 1088 (பிரிட்டிஷ் தரம்) மரைன் பிளை, ஒவ்வொரு ஓரமும் ரெசின் குடிக்கிற வரைக்கும் தடவி, மூலையில கெட்டி எபாக்ஸியில ஃபில்லெட் (வளைவான நிரப்பு) போட்டு, மேல பயாக்ஸியல் கிளாஸ் (ரெண்டு திசையில நூல் ஓடுறது). லிம்பர் ஹோல்ல எபாக்ஸி வச்சு குழாய் ஒட்டியாச்சு, இனி தண்ணி மரத்தை பாக்கவே பாக்காது. மவுன்ட் போல்ட் வர்ற இடத்துல பெருசா ஓட்டை போட்டு கெட்டி எபாக்ஸியால நிரப்பி, அது காஞ்சதுக்கப்புறம் நடுவுல சின்னதா ட்ரில் பண்ணேன், மரை மரத்தை தொடாது.

ட்ரான்ஸம்தான் நுணுக்கம். மெர்க்ரூசர் (ஸ்டெர்ன்டிரைவ் பிராண்ட்) டிரைவுக்கு ட்ரான்ஸம் கனம் 2லேர்ந்து 2¼ இஞ்சுக்குள்ள இருக்கணும், உள் முகமும் வெளி முகமும் 1/8 இஞ்சுக்கு மேல ஏறுக்குமாறா இருக்கக் கூடாது. வெளிப்பக்க தோலை விட்டுட்டு உள்ளேர்ந்து மரத்தை சுரண்டி எடுத்தோம், புது அடுக்கை ஒட்டும்போது ஒவ்வொரு லேயருக்கும் காலிப்பர் வச்சு அளந்தோம். கனம் தப்பினா வெறும் லுக்கு பிரச்சனை இல்ல, சீல் உக்காராது, தண்ணி இன்ஜின் பக்கம் வரும்.

ஃபோம் திரும்ப போட்டேன், ஆனா இன்ஜின் பக்கத்துல போடாம, அங்க இன்ஸ்பெக்ஷன் ஹேட்ச் வச்சு காலியா விட்டேன். சீசன் முடிஞ்சா திறந்து கையை விட்டுப் பாப்பேன்.

அதுக்கப்புறம் ஓட்டின அனுபவம்: போட் கண்ணுக்கு தெரியுற மாதிரி சீக்கிரம் பிளேன் ஆகுது (தண்ணி மேல எழும்பி ஓடுது), அலையில மோதும்போது முன்னாடி வந்த அந்த லொட லொட அதிர்வு போச்சு. அலைன்மென்ட் பார் ஒவ்வொரு வருஷமும் சுலபமா உள்ள போகுது, கிம்பல் பேரிங்கை இது வரைக்கும் தொடல. குறைன்னா, ஹேட்ச் ஓரத்துல மழைத்தண்ணி சேருது, கேஸ்கெட் மாத்திக்கிட்டே இருக்கணும். அப்புறம் போட்ட காசை வித்து எடுக்க முடியாது, வாங்க வர்றவங்களுக்கு சீட் கவர்தான் முக்கியம்.

பழைய ஸ்டெர்ன்டிரைவ் போட் பாக்கப் போறீங்களா, இன்ஜினை ஸ்டார்ட் பண்ண சொல்றதுக்கு முன்னாடி மவுன்ட் போல்ட்ல ஸ்பேனர் வச்சு பாருங்க. ஸ்க்ரூட்ரைவர் பின்பக்கத்தால ட்ரான்ஸம் முழுக்க தட்டுங்க, டக் டக்னு வந்துட்டு இருந்தது திடீர்னு தொம்முனு வந்தா அங்க கோளாறு. ஈர மீட்டர் ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸோட வெளிப்பூச்சு) மேல ஏமாத்தும், அதை மட்டும் நம்பாதீங்க. ஓனர் சம்மதிச்சா பில்ஜ்ல ஸ்ட்ரிங்கர் அடியில சின்ன ட்ரில் போட்டு தூளை பாருங்க, வெளுப்பா காஞ்சு வந்தா சரி, கறுப்பா ஈரமா வந்தா ஃப்ளோர் வெட்டுற செலவை விலையில கழிச்சுட்டு பேசுங்க. ட்ரில் பண்ண விட மாட்டேன்னு சொல்றவர்கிட்டயும் அதே விலைதான் பேசணும்.