திருப்பருத்திக்குன்றம் சமணர் கோயில்: அண்ணாந்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள்

காஞ்சிபுரம் போகிறவர்கள் பட்டையும் பெரிய கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும், ஜினகாஞ்சி என்றும் சொல்லும் திருப்பருத்திக்குன்றம் பலருடைய பட்டியலில் இருப்பதே இல்லை. இது பெரிய இழப்பு. தமிழ்நாட்டில் விஜயநகரக் காலச் சமண ஓவியங்களை இவ்வளவு அருகில் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆட்டோக்காரரிடம் "ஜைனர் கோயில்" என்று சொன்னால் போதும்.

இடத்தின் பழமைக்குப் பள்ளன்கோயில் செப்பேடு சான்று. பல்லவன் சிம்மவர்மனின் 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 6-ஆம் நூற்றாண்டு நடுவில், பருத்திக்குன்றிலிருந்த வஜ்ரநந்தி என்ற முனிவருக்கு அமண்சேர்க்கை என்ற ஊர் கொடையாக அளிக்கப்பட்டதை அது சொல்கிறது. இன்று நாம் காணும் கட்டடம் ஒரே காலத்தது அல்ல. சோழர் காலத்திலும் விஜயநகரக் காலத்திலும் கூட்டிக் கூட்டிக் கட்டியது. முன்னாலிருக்கும் சங்கீத மண்டபம் 1387-88இல் விஜயநகரத் தண்டநாயகன் (படைத்தலைவன்) இருகப்பன் தன் குரு புஷ்பசேனர் சொற்படி எழுப்பியது.

உள்ளே நுழைந்ததும் நேராகக் கருவறைக்குப் போய்விடாதீர்கள். முகமண்டபத்திலும் சங்கீத மண்டபத்திலும் அண்ணாந்து பாருங்கள். ஓவியங்கள் நீளநீளமான பட்டைகளாக ஓடுகின்றன. காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்க வரிகள் உண்டு. தீர்த்தங்கரர்கள் எனப்படும் சமண அருகர்களான ரிஷபதேவர், வர்த்தமானர் (மகாவீரர்), நேமிநாதர் வரலாறுகள். நேமிநாதர் கிருஷ்ணனுக்கு உறவுமுறை என்பதால் கிருஷ்ண லீலைகளும் சமணக் கோயில் விதானத்தில் இடம்பெறுகின்றன. பலரைக் குழப்புவது ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்த வட்டங்கள். அது சமவசரணம்: தீர்த்தங்கரர் அறவுரை சொல்லும் சபை. நடுவில் அவர் அமரும் கந்தகுடி. சுற்றிலும் மதில், அகழி, பூங்கா, கொடி வரிசை. மேலிருந்து பார்க்கும் நிலப்படம்போல அதைப் படிக்க வேண்டும்.

குறை என்றால் ஓவியங்களின் நிலைதான். காய்ந்த சுதைமேல் தீட்டிய வண்ணம் சுவரோடு ஒன்றாமல் மேலேயே தங்கும். மேல்தளத்தில் நீர் கசிந்தால் செதில்செதிலாக உதிர்ந்துவிடும். பின்னாளில் பல இடங்களில் மேலே வண்ணம் பூசியும் இருக்கிறார்கள். கோடு தடித்து, முகங்கள் ஒன்றுபோல, நிறம் தட்டையாகத் தெரிந்தால் மேற்பூச்சோ என்று சந்தேகிக்கலாம். மெல்லிய கோட்டில் விரலும் அணிகலனும் பிரித்துத் தெரியும் துண்டுகளில் நின்று பாருங்கள். அங்கேதான் பழைய கை தெரிகிறது.

கட்டடக் கலையில் ஆர்வமிருந்தால் வர்த்தமானர் கருவறையின் பின்பக்கம் கட்டாயம் போக வேண்டும். தூங்கானை மாட அமைப்பு: பின்புறம் அரைவட்டமாக வளைந்திருக்கும். முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு இது தெரியவே தெரியாது. திரிகூட பஸ்தி என்று சொல்லும் தனிக் கருவறைத் தொகுதியையும் குரா மரத்தையும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் சந்திரப்பிரபர் என்ற தீர்த்தங்கரரின் கோயிலுக்குப் போங்கள். அளவில் சிறியது, ஆனால் பல்லவர் பாணி. கீழ்த்தளம் அடைபட்டிருக்க, கருவறை மேல்தளத்தில் இருக்கிறது. மணற்கல் என்பதால் அரிப்பு அதிகம். சிற்ப நுணுக்கம் மழுங்கிவிட்டது. முதலில் பல்லவர் கட்டிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தால், தேய்ந்துபோன இடங்களில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும்.

கருவறைகள் பூட்டியிருக்கக்கூடும், காவலாளியைத் தேடிக் கேளுங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் விதானத்தில் வெளிச்சம் போதும். மங்கலான நாளில் சிறிய இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் விளக்க வரிகளைப் படிக்கலாம். கழுத்து வலிக்கும், அதனால் கைக்கண்ணாடி ஒன்றை இடுப்பளவில் பிடித்துப் பாருங்கள் (எழுத்து மட்டும் இடவலம் மாறித் தெரியும்). தோல் பை, தோல் பெல்ட் வேண்டாம். படமெடுக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தாலும் ஃபிளாஷ் போடாதீர்கள். அவசரமாக வந்தால் அரை மணியில் முடிந்துவிடும், ஓவியங்களை வரிசையாகப் படிக்க இரண்டு மணி நேரமாவது வேண்டும்.