கால்சியமா, சைக்ளிக் ஏஎம்பியா: ரிசெப்டர் சோதனைக்கு எதை அளப்பது?

ஹெக் 293 செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகை) ஒரு ரிசெப்டரை, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதத்தை, ஏற்றியாகிவிட்டது. மருந்தை விட்டால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக அளப்பது இரண்டில் ஒன்றைத்தான்: கால்சியம், இல்லையென்றால் சைக்ளிக் ஏஎம்பி. இரண்டும் இரண்டாம் தூதுவர்களே, அதாவது ரிசெப்டர் வாங்கிய செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகிறவை. ஆனால் எந்தக் கருவி சும்மா இருக்கிறது என்பதை வைத்து எதை அளப்பது என்று முடிவு செய்தால், பின்னால் வரும் எண்கள் ஏமாற்றிவிடும்.

அடிப்படை வேறுபாடு இதுதான். ஓய்வில் உள்ள செல்லின் சைட்டோபிளாசத்தில் கால்சியம் சுமார் 100 நானோமோலார். வெளியே 1 முதல் 2 மில்லிமோலார். பத்தாயிரம் மடங்கு ஏற்றத்தாழ்வு. கால்சியத்தைச் செல்லால் உருவாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கதவைத் திறந்து உள்ளே விடும், பிறகு பம்ப் வைத்து வெளியேற்றும். அதனால் 10, 20 நொடிகளில் உச்சம், ஓரிரு நிமிடங்களில் இறக்கம். சைக்ளிக் ஏஎம்பி அப்படியல்ல. அடினைலில் சைக்ளேஸ் அதை ஏடிபியிலிருந்து செய்கிறது, பாஸ்போடைஎஸ்டரேஸ் உடைக்கிறது. குழாயும் வடிகாலும் உள்ள தொட்டி மாதிரி. பாஸ்போடைஎஸ்டரேஸைத் தடுக்கும் ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார் போட்டு வடிகாலை அடைத்துவிட்டால், அரை மணி நேரம் ரிசெப்டர் செய்த வேலை முழுக்கத் தொட்டியிலேயே தங்கிவிடும்.

ரிசெப்டர் எந்த ஜி புரதத்தோடு (செய்தியை ரிசெப்டரிடமிருந்து வாங்கி உள்ளே கடத்தும் புரதம்) இணைகிறது என்று தெரிந்தால் பாதி முடிவு ஆயிற்று. ஜி-எஸ் என்றால் சைக்ளிக் ஏஎம்பி ஏறும், ஜி-ஐ என்றால் இறங்கும். ஜி-க்யூ என்றால் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு வழியாக எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியம் கொட்டும். ஒரு எச்சரிக்கை: ஜி-ஐ ரிசெப்டரும் பீட்டா-காமா துணையலகு வழியாகக் கால்சியத்தைக் கிளப்பலாம். ஜி-ஐயை முடக்கும் பெர்டூசிஸ் நச்சு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் போட்டு இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். சமிக்ஞை செத்துப்போனால் அது ஜி-க்யூ அல்ல.

கால்சியத்தை அளக்க

கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும் சாயங்கள் இதற்கு உண்டு. தட்டுகளில் மருந்து தேட ஃப்ளுவோ-4 போதும். 494 நானோமீட்டரில் தூண்டினால் பச்சை ஒளி வரும், பிரகாசம் கூடுவதும் அதிகம். அளவைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஃப்யூரா-2தான். 340, 380 என இரண்டு அலைநீளங்களில் மாறி மாறித் தூண்டி, 510ல் வரும் ஒளிகளின் விகிதத்தை எடுக்கிறோம். சாயம் ஒரு செல்லில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் ஏறியிருந்தாலும் விகிதத்தில் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

ஃப்யூரா-2 ஏஎம் 50 மைக்ரோகிராம் குப்பியை, ஈரம் படாத டிஎம்எஸ்ஓ 50 மைக்ரோலிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார் கிடைக்கும். அதிலிருந்து செல்லுக்கு 2 முதல் 5 மைக்ரோமோலார். சாயம் நீரில் கலக்க, கூடவே புளூரானிக் 0.02 சதவீதம். அறை வெப்பத்தில் 30 முதல் 45 நிமிடம் ஏற்றி, கழுவி, இன்னும் 30 நிமிடம் சும்மா விடுங்கள். சாயத்தைச் செல்லுக்குள் நுழையவிடும் எஸ்டர் (பெயரில் உள்ள ஏஎம்) முழுதாக வெட்டுப்பட அந்த நேரம் தேவை. 37 டிகிரியில் ஏற்றினால் சாயம் உள்ளுறுப்புகளுக்குள் போய் அடைந்துகொள்ளும். ஓய்வு நிலையே உயரமாகத் தெரியும். சாயத்தை வெளியே தள்ளும் செல் வகையென்றால் புரோபெனிசிட் 1 முதல் 2.5 மில்லிமோலார் சேருங்கள். அது காரத்தில்தான் கரையும். கரைத்தபின் பஃபரின் பிஎச்சைத் திரும்பச் சரிசெய்ய மறந்தால் செல்கள்தான் பாடுபடும்.

வரைகோட்டைப் பார்க்கும்போது விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். 340, 380 இரண்டையும் தனித்தனியே திரையில் வையுங்கள். உண்மையான கால்சியம் ஏற்றத்தில் 340 மேலே போகும், அதே நொடியில் 380 கீழே இறங்கும். கண்ணாடிப் பிம்பம் போல. இரண்டும் சேர்ந்து இறங்கினால் அது கால்சியம் அல்ல. செல் கழன்று மிதக்கிறது, இல்லையேல் சாயம் கசிகிறது. ஹெக் செல்கள் தட்டில் லேசாகத்தான் ஒட்டும். பாலி-டி-லைசின் பூசாத தட்டில் மருந்தை வேகமாகப் பாய்ச்சினால் இதுதான் நடக்கும்.

பாய்ச்சும் வேகத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்த உலுக்கலில் செல்கள் ஏடிபியை வெளியே விடும். ஹெக் செல்லிலேயே இயல்பாக உள்ள பி2ஒய் ரிசெப்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை ஏற்றும். வெறும் பஃபர் விட்ட குழியிலும் உச்சம் வந்தால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். ரிசெப்டர் ஏற்றாத ஹெக் செல்லையும் பக்கத்திலேயே வைத்து ஓட்டாத கால்சியத் தரவை நம்பவே கூடாது.

சைக்ளிக் ஏஎம்பியை அளக்க

இங்கே நொடிகளின் அவசரம் இல்லை. தானாக ஊசி போடும் கருவியும் வேண்டாம். மருந்தோடு 30 நிமிடம் வைத்து, செல்லை உடைத்து, போட்டி முறைக் கிட்டில் படிக்கிறோம்: செல்லின் சைக்ளிக் ஏஎம்பி, கிட்டில் உள்ள ஒளிக்குறியிட்ட சைக்ளிக் ஏஎம்பியோடு இடத்துக்குப் போட்டியிடும். ஹெச்டிஆர்எஃப் என்ற ஒளி அளவீட்டு வகையில் சைக்ளிக் ஏஎம்பி கூடக் கூட சமிக்ஞை குறையும். புதிதாகச் செய்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, ஜி-எஸ் ரிசெப்டரை ஜி-ஐ என்று எழுதிவிடுவதுண்டு.

பெரிய தவறு செல் எண்ணிக்கையில் நடக்கிறது. தெரிந்த அளவுகளை வைத்து வரையும் தரவளைவு எஸ் வடிவம். நடுச்சரிவில் மட்டுமே அளவுக்கு அர்த்தம். குழிக்கு 10,000 செல் போட்டு, ஓய்வு நிலையே வளைவின் அடித்தட்டுக்குப் போய்விட்டால், எந்த மருந்தும் வேலை செய்யாதது போலத் தெரியும். 1,000, 3,000, 10,000 என்று போட்டு, சைக்ளேஸைத் தூண்டும் ஃபார்ஸ்கோலினின் பல அளவுகள் கொண்ட வரிசை எதில் நடுச்சரிவுக்குள் அடங்குகிறதோ அதை எடுங்கள். சமிக்ஞையை அப்படியே வரையாமல், தரவளைவு வழியாக நானோமோலாராக மாற்றிய பிறகே இசி50 (பாதி விளைவு தரும் மருந்தளவு) கணக்கிடுங்கள்.

ஃபார்ஸ்கோலின், சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கிலிருந்து எடுப்பது. சைக்ளேஸை நேராகத் தட்டி எழுப்பும். ஜி-ஐ ரிசெப்டருக்கு இது இல்லாமல் முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே அடியில் கிடக்கும் அளவை இன்னும் இறக்கிக் காட்ட வழியில்லை. உச்சத்துக்கு 10 மைக்ரோமோலார் விடலாம். ஜி-ஐ சோதனைக்கு 1 மைக்ரோமோலார் பக்கம் தொடங்குங்கள். அதிகம் விட்டால் ரிசெப்டரின் தடுப்பு அதில் மூழ்கிவிடும். ஐபிஎம்எக்ஸ் அடினோசின் ரிசெப்டர்களையும் தடுக்கும். அவற்றையே ஆராய்கிறவர்கள் ரோலிப்ராம் போன்ற வேறொரு பாஸ்போடைஎஸ்டரேஸ் தடுப்பானுக்கு மாற வேண்டும்.

தடுப்பு மருந்து என்றால்

இங்கே எங்கள் தேர்வு சைக்ளிக் ஏஎம்பிதான், தயங்காமல் சொல்லலாம். மெதுவாக விடுபடும் தடுப்பு மருந்து ரிசெப்டரில் உட்கார்ந்திருக்கும்போது, கால்சியம் 20 நொடியில் உச்சம் தொட்டு முடிந்துவிடுகிறது. கிளர்த்தியும் (ரிசெப்டரைத் தூண்டும் மருந்து) தடுப்பானும் இடம் மாறிச் சமநிலைக்கு வர நேரமே இல்லை. விளைவு, போட்டித் தடுப்பானாக (கிளர்த்தியோடு ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது) இருந்தும் உச்சம் குறைந்து, போட்டியிடாத மருந்து போலத் தெரியும். ஜி-க்யூ ரிசெப்டராக இருந்தால் கால்சியத்தை விட்டு, ஐபி3 சிதைந்து வரும் ஐபி1க்குப் போங்கள்: லித்தியம் குளோரைடு 50 மில்லிமோலார் போட்டால் ஐபி1 உடையாமல் சேரும், அரை மணி ஒரு மணி பொறுத்து அளக்கலாம். தூண்டல் இல்லாமலே இயங்கும் ரிசெப்டரும் இந்தச் சேமிப்பு முறைகளில்தான் தெளிவாகப் பிடிபடும். முதல்கட்டத் தேடலுக்கும், ஒற்றைச் செல்லில் அலையலையாக நடப்பதைப் பார்ப்பதற்கும் கால்சியத்துக்கு ஈடில்லை.

இரண்டையும் அளந்து, இரண்டிலும் மாற்றம் வந்தால் உடனே இரட்டை இணைப்பு (ரிசெப்டர் இரண்டு ஜி புரதங்களோடு இணைகிறது) என்று எழுதிவிடாதீர்கள். கால்சியமும் அதைப் பிடிக்கும் கால்மோடுலின் புரதமும் சேர்ந்த கூட்டு சைக்ளேஸ் 1, 8 இரண்டையும் தூண்டும். பாஸ்போடைஎஸ்டரேஸ் 1ஐயும் தூண்டும். சைக்ளேஸ் 5, 6 கால்சியத்தால் அடங்கும். செல்லில் எது அதிகமோ அதைப் பொறுத்து சைக்ளிக் ஏஎம்பி ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பாப்டா ஏஎம் 10 முதல் 20 மைக்ரோமோலார் அரை மணி ஏற்றி உள்ளே உள்ள கால்சியத்தைக் கட்டிவிட்டு, சைக்ளிக் ஏஎம்பியை மீண்டும் அளங்கள். மாற்றம் மறைந்தால் அது கால்சியம் வழி வந்தது; அப்படியே நின்றால் ரிசெப்டர் நேராகச் செய்தது என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.